வெள்ளை மணி பிளாண்ட் பச்சையாக மாறுகிறதே?

2024 ஜூன் 9 – கோவை வாசகர் ஒருவர் கேட்டது

"மார்பிள் குயின் என்று சொல்லி நர்சரியில் கொடுத்தார்கள். வாங்கும்போது இலையில் பாதிக்கு மேல் வெள்ளை. ஹாலில் டிவிக்கு மேலே கொக்கி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கொடி நன்றாக நீளுகிறது, ஆனால் புது இலை எல்லாம் பச்சை. ஏதோ மருந்தடித்து வெள்ளையாக்கி விற்கிறார்கள் என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். வாரம் தவறாமல் எப்சம் சால்ட் கரைத்து ஊற்றுகிறேன், டீத்தூளும் போடுகிறேன். வெள்ளை திரும்ப வருமா, இல்லை ஏமாந்ததுதானா?"

ஜூன் 9, இரவு

ஏமாறவில்லை. டிவிக்கு மேலே என்கிறீர்கள். பொதுவாக அந்தச் சுவரில் ஜன்னல் இருக்காது. எதிர்ப்பக்க ஜன்னலுக்கும் டிவியில் கூசுகிறது என்று திரை போட்டிருப்பீர்கள். செடி இருட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். மற்றதை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 10

இலையில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் பச்சையம் கிடையாது. பச்சையம் இல்லாத இடத்தில் சர்க்கரை தயாராகாது. ஆனால் அதுவும் உயிருள்ள திசுதான், அதற்கும் சாப்பாடு வேண்டும். பக்கத்துப் பச்சைதான் உழைத்துப் போடுகிறது. சம்பாதிக்காமல் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டோடு மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும்படி தாராளமாக இருக்கும்வரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கை இறுகும்போதுதான் பேச்சு எழும்.

இந்தச் செடிக்கு வரும்படி வெளிச்சம். அது குறைந்த இடத்தில் புது இலைகளில் பச்சை கூடிக்கொண்டே போகும். ஒரே தொட்டியில் பச்சை மிகுந்த கிளையும் வெள்ளை மிகுந்த கிளையும் இருந்தால், பச்சைக் கிளை வேகமாக ஓடி மற்றதை முந்திவிடும். உங்கள் கொடி "நன்றாக நீளுகிறது" என்றீர்களே, அதில் பாதி வளர்ச்சி இல்லை, வெளிச்சத்தைத் தேடும் ஓட்டம். ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். நர்சரியிலிருந்து வந்தபோது இருந்த பகுதியில் நெருக்கமாகவும், உங்கள் வீட்டில் வளர்ந்த பகுதியில் அகலமாகவும் இருக்கும்.

நம் கண்ணை நம்பக் கூடாது. ஹாலுக்குள் நுழைந்ததும் கண் பழகிக்கொள்வதால் "வெளிச்சமாத்தானே இருக்கு" என்று தோன்றும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வெளியே நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஹாலின் உள்சுவரில் 100 லக்ஸ் தேறுவதே பாடு. போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி ஜன்னலோரம் ஒரு முறை, டிவிக்கு மேலே ஒரு முறை பிடித்துப் பாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் மாமனாரே கொக்கியைக் கழற்றிவிடுவார்.

ஒன்று மட்டும்: ஏற்கெனவே விரிந்த பச்சை இலை இனி வெள்ளையாகாது. மாற்றம் இனி வரும் இலைகளில்தான் தெரியும்.

ஜூன் 12

எப்சம் சால்ட் வேண்டாம். அது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் பச்சையத்துக்கு நடுவில் இருக்கும் தனிமம். வெள்ளை வேண்டுமென்று பச்சைக்கான மூலப்பொருளை வாராவாரம் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்! சரி, பச்சையானதற்குக் காரணம் அது இல்லை, கிண்டலுக்குச் சொன்னேன். ஆனாலும் வாரம் ஒருமுறை என்பது அதிகம், உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். டீத்தூளும் வேண்டாம். பாலும் சர்க்கரையும் கலந்த சக்கை எறும்பைக் கூப்பிடும், எறும்பு மாவுப்பூச்சியைக் கூட்டி வரும்.

ஜூன் 16

நீங்கள் அனுப்பிய செடியின் படத்தைப் பார்த்தேன். மாமனாரை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. பிங்க் காங்கோ என்ற பெயரில் ஃபிலோடெண்ட்ரான் வகை அலங்காரச் செடி ஒன்று இளஞ்சிவப்பு இலையோடு நிறைய விற்றது. அது ரசாயனத்தால் வரவழைத்த நிறம், வீட்டுக்கு வந்து சில மாதத்தில் எல்லாம் பச்சை. அவர் அந்த மாதிரி ஏதாவது கேள்விப்பட்டிருக்கலாம். மார்பிள் குயினில் அப்படி இல்லை, அதன் வெள்ளை பிறவியிலேயே வந்தது.

இப்போது கத்தரி. ஒளியை மட்டும் மாற்றினால் போதாது. நுனியில் ஓடிக்கொண்டிருக்கும் பச்சைக் கொடி பச்சையாகவே ஓடத்தான் பார்க்கும். கடைசியாக நல்ல கோலமுள்ள இலை எங்கே இருக்கிறதோ, அந்தக் கணுவைச் சற்றுத் தாண்டி, நுனிப் பக்கமாக வெட்டிவிடுங்கள். அந்தக் கணுவிலிருந்து பக்கத் துளிர் கிளம்பும்.

எந்தக் கணு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இலையைப் பார்க்காதீர்கள், தண்டைப் பாருங்கள். விரலில் பிடித்து வெளிச்சத்தில் மெதுவாக உருட்டினால், பச்சைத் தண்டில் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள் ஓடுவது தெரியும். சில இடத்தில் நூல் அளவு, சில இடத்தில் தண்டின் கால் பாகம். இலைக்காம்பு தண்டைக் கட்டிப்பிடிக்கும் இடத்தில், காம்பின் உட்பக்கமாக, அரிசி நுனி அளவுக்கு ஒரு மொட்டு அழுந்தி இருக்கும். புதுக்கிளை அதிலிருந்துதான். அந்த மொட்டு சுத்தப் பச்சைப் பட்டையில் உட்கார்ந்திருந்தால் பச்சைக் கிளை வர வாய்ப்பு அதிகம். முழு வெள்ளைப் பட்டையில் இருந்தால் வெளுத்த கிளை வரும், அது நிலைக்காது. இரண்டும் கலந்த இடத்தில் மொட்டு இருக்கும் கணுவாகப் பார்த்து நிறுத்துங்கள்.

இது கைப்பழக்கத்தில் வந்த கணக்கு மட்டுமில்லை. இரண்டு நிறமுள்ள மணி பிளாண்ட் ஒன்றின் துண்டுகளைத் திசு வளர்ப்பில் (ஆய்வகத்தில் சிறு துண்டிலிருந்து முழுக் கன்றை வளர்ப்பது) வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், ஒரே தாய்ச்செடியிலிருந்து பச்சைக் கன்று, கலப்பு நிறக் கன்று, வெளுத்த கன்று மூன்றும் வந்திருக்கின்றன. எல்லாம் அந்தச் செடிக்குள்ளேயே இருக்கிறது. நாம் பொறுக்கி எடுக்கிறோம்.

வெட்டிய பச்சைத் துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். மாடிப்படி மூலை மாதிரி வெள்ளை பிழைக்காத இடத்துக்கு அதுதான் சரியான செடி.

ஜூன் 23

சேலத்து அக்கா ஒருவர் இதைப் படித்துவிட்டு மேற்குப் பால்கனி கிரில்லில் மாட்டி, இலை பழுப்பாகக் கருகிய படத்தை அனுப்பியிருக்கிறார். "வெளிச்சம் வெளிச்சம்னு சொன்னீங்களே" என்று கேட்கிறார். நியாயம்தான். வெளிச்சம் வேறு, வெயில் வேறு என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் முதலில் கருகுவது அதுதான். கருகிய இடம் ஆறாது, அந்த இலை அப்படியேதான் இருக்கும்.

இங்கே இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இணையத்தில் "தெற்கு ஜன்னல் நல்லது, வடக்கு ஜன்னலில் வெயிலே வராது" என்று படித்திருப்பீர்கள். அது லண்டன்காரருக்கும் நியூயார்க்காரருக்கும் சொன்னது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்குக் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் வரும். மார்கழியில் தெற்குப் பால்கனிக்குள் வெயில் மொசைக் தரையில் பாதி தூரம் வரை ஏறும். ஆக, உங்கள் ஜன்னலை நீங்களே ஒரு வருடம் கவனிப்பதுதான் வழி.

என் கணக்கு இது: கிழக்கு ஜன்னல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம், காலை வெயில் ஒன்றும் செய்யாது. வடக்கும் நல்லது. மேற்கு என்றால் ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடி உள்ளே, அல்லது மெல்லிய வெள்ளைத் திரைக்குப் பின்னால். கத்திரி வெயில் நாட்களில் இன்னும் ஒரு அடி தள்ளிப் போகட்டும். உள்ளேயிருந்த செடியை வெளியே கொண்டு போவதாக இருந்தால் ஒரேயடியாக வேண்டாம், ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

ஜூன் 24

கருகிய இலையைப் பறித்துவிடலாமா என்ற கேள்விக்கு: இல்லை, உடனே பறிக்க வேண்டாம். பாதி பச்சை மிச்சமிருந்தால் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். விருந்தாளி வருகிறார்கள் என்றால் கருகிய ஓரத்தை மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

ஜூலை 7

தண்ணீர் பற்றித்தான் அதிகக் கேள்வி. "எத்தனை நாளைக்கு ஒருமுறை?" இதற்குப் பதில் கிடையாது. ஏ.சி. ஓடும் அறை, காற்றோட்டமான பால்கனி, மண் தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு எப்படி வரும்? விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். தாகம் எடுத்தால் இந்தச் செடி சொல்லிவிடும்: இலை லேசாக உள்ளே சுருண்டு தொய்யும், தண்ணீர் கொடுத்த சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். தாகத்தால் செத்த மணி பிளாண்டைவிட மூழ்கிச் செத்தவைதான் அதிகம். வெள்ளை மிகுந்த செடி மெதுவாக வளரும், அதனால் தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். பக்கத்தில் இருக்கும் மஞ்சள் வரி மணி பிளாண்டுக்கு ஊற்றும்போது "இதுக்கும் கொஞ்சம்" என்று ஊற்றுவதுதான் வினை.

காலையில் இலை நுனியில் சொட்டுத் தண்ணீர் நிற்கிறது, நோயா என்று ஒருவர் கேட்டார். நோய் இல்லை. ராத்திரி வேர் உறிஞ்சியது ஓரத்து நுண்துளைகள் வழியே வெளியே வருகிறது. தினமும் வந்தால் மட்டும் மண்ணில் ஈரம் கூடுதல் என்று அர்த்தம்.

ஜூலை 8

நேற்று எழுதியதில் மண்ணை விட்டுவிட்டேன், அதைச் சொல்லாமல் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

நம் ஊர் நர்சரிகளுக்கு ஏராளமான செடிகள் ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன. வழியில் குலுங்கிச் சிதறாமல் இருக்கக் களிமண்ணில் வேரை உருண்டை பிடித்து அனுப்புவது அங்கே வழக்கம். நர்சரியில் அந்த உருண்டையைச் சுற்றி நல்ல கலவை போட்டு, மேலே மண்புழு உரம் தூவி, அழகாக வைத்திருப்பார்கள். நாம் மேலே விரலை வைத்துக் காய்ந்திருக்கிறது என்று ஊற்றுவோம். உள்ளே உருண்டை சொதசொதவென்று இருக்கும். அதே உருண்டை ஒருமுறை முழுக்கக் காய்ந்து இறுகிவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும், வேருக்குச் சொட்டுப் போகாது.

வாங்கி வந்து ஒரு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். உருண்டை இருந்தால் ஒரு பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்து விரலால் மெதுவாகக் கரைக்க வேண்டும். வெளியே வைத்து உடைத்தால் வேர் மண்ணோடு பிய்ந்து வரும். வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ விறைப்பாக இருப்பது நல்ல வேர். தொட்டால் தோல் மட்டும் கையோடு உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் மாதிரி மிஞ்சினால் அது அழுகியது, வெட்டிவிடுங்கள்.

கலவை: கொக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, பெர்லைட்டோ (பொரித்த எரிமலைக் கல்) உடைத்த அடுப்புக்கரியோ ஒரு பங்கு. வெறும் கொக்கோபீட்டில் நட்டுவிட்டு ஈரம் போகவே இல்லை என்று சொல்பவர்களுக்கு என் பதில், கரி போடுங்கள். தொட்டியை மட்டும் பெரிதாக எடுக்காதீர்கள், வேர்க்கட்டைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் தாராளம்.

ஜூலை 21

இலை நுனி பழுப்பாகிறது என்று குரோம்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வரும் கழிவுத் தண்ணீரை ஊற்றுகிறாராம், வீணாகக் கூடாது என்று. எண்ணம் நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே உப்பான போர் தண்ணீரின் உப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு வருவது அந்தக் கழிவுத் தண்ணீர். அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மண் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா பாருங்கள், உள்ளே வேரைச் சுற்றியும் அதே உப்புதான். மாதம் ஒருமுறை தொட்டியைக் குழாயடியில் வைத்து, நல்ல தண்ணீர் அடித்துளை வழியாக நன்றாக ஓடும்படி விட்டால் கழுவிக்கொண்டு போகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

சிறுவாணித் தண்ணீர் வரும் கோவைக்காரர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது. பொறாமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11

கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பார்த்தார், அடுத்துச் சமையலறை ஜன்னலில் பாட்டிலில் வைத்திருக்கும் மணி பிளாண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "தண்ணிய மாத்துறீங்களா மேடம்?" மாற்றுகிறேன். "உள்ள தேய்க்கிறீங்களா?" என்றார். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் இங்கே எழுத நினைத்தேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினால் புழு போகும், முட்டை போகாது. காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றும்போது பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் உட்சுவரைத் தேய்க்க வேண்டும், செடியின் தண்டையும் குழாயில் அலச வேண்டும். வாய் குறுகலான பாட்டில் என்றால் தண்டைச் சுற்றிப் பஞ்சை அடைத்துவிடலாம். பழுப்பு நிற பாட்டில் எடுத்தால் பாசி பிடிக்காது.

ஆகஸ்ட் 18

"திருடி வைத்தால்தான் மணி பிளாண்ட் வளரும் என்கிறார்களே, நர்சரியில் காசு கொடுத்து வாங்கியதால்தான் பச்சையாகிவிட்டதோ?" என்று கேட்ட அன்பருக்கு: பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் தொங்குவதை ஒடிக்கும்போது, நாம் ஒடிப்பது நன்றாக வளர்ந்த, வெயில் கண்ட, கணுவோடு இருக்கும் நுனியைத்தான். வளராமல் என்ன செய்யும்? தென்கிழக்கு மூலையில் வைக்கச் சொல்லும் வாஸ்துவோடு எனக்குச் சண்டை இல்லை, அந்த மூலையில் கிழக்கு ஜன்னல் இருந்தால் நானும் ஆதரவு. கொடி கீழே தொங்கினால் பணம் கீழே போகும் என்று சொல்பவர்கள் தொங்கு தொட்டி விற்கும் கடைக்காரர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 1

தொங்குவது என்று வந்ததும் நினைவுக்கு வருகிறது. கொடி கீழே போகப் போக இலை ஏன் சிறுத்துக்கொண்டே போகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உரம் போதவில்லை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இது மரம் ஏறும் செடி. பிடிக்க ஏதாவது கிடைத்து மேலே ஏறினால் ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடப் பெரிதாகும். பிடிமானம் இல்லாமல் தொங்கினால் சிறுக்கும். தென்னையில் ஏற்றிவிட்ட மணி பிளாண்டைக் கேரளப் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும், இலை முறம் அகலத்துக்கு வந்து ஓரத்தில் கிழிசல் விழுந்திருக்கும். மரத்தில் அது 20 மீட்டர் ஏறும், இலை ஒரு மீட்டர் நீளம் வரை போகும். நம் வீட்டில் உள்ளங்கை அளவு இலையோடு தொங்குவது அதன் குழந்தைப் பருவம். அந்தப் பருவத்திலேயே நிறுத்தி வைத்துத்தான் அழகு பார்க்கிறோம்.

சொந்த ஊர் பசிபிக் கடலில் தாகித்திக்குப் பக்கத்தில் இருக்கும் மூரேயா தீவு. 1880இல் முதலில் விவரித்தபோது பொத்தோஸ் என்ற பேரினத்தில் வைத்தார்கள். பிறகு சிண்டாப்சஸ், ராஃபிடோஃபோரா என்று மாறி மாறி இப்போது எபிப்ரெம்னம் ஆரியம். பூவைப் பார்த்துத்தான் பேரினம் பிரிப்பார்கள், இதுவோ பூப்பதே இல்லை. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சிப் பொருளைத் தயாரிக்கும் மரபணு ஒன்று இதில் வேலை செய்யவில்லை என்று 2016இல் வந்த ஆய்வு காட்டியது. அந்தப் பொருளை வெளியிலிருந்து தெளித்ததும் பூத்துவிட்டது. பூவும் விதையும் இல்லாமல் உலகம் முழுக்கப் பரவியது எல்லாம் தண்டுத் துண்டிலேயே. இலங்கையின் காடுகளில் களையாகவே ஏறிவிட்டது. அதனால் ஒரு வேண்டுகோள்: வெட்டியதை ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டாதீர்கள், ஒரு கணு போதும் அதற்கு.

செப்டம்பர் 2

மேலே மொட்டையாகவும் கீழே மட்டும் இலையாகவும் இருக்கும் தொட்டிக்கு வழி கேட்டிருந்தீர்கள். பதியன் போடுங்கள். நீண்ட கொடி ஒன்றைத் தூக்கித் தொட்டி மண்மேலேயே சுற்றி வைத்து, கணு மண்ணில் படும்படி ஹேர்பின்னால் குத்திவிடுங்கள். கணுவிலிருக்கும் பழுப்புக் குமிழ் மண்ணில் பட்டதும் வேராக இறங்கும், அங்கேயிருந்து துளிர் வரும். வெட்ட மனமில்லாதவர்களுக்கும் இதுவே. ஆனால் தொட்டியின் மேற்பரப்புக்கு வெளிச்சம் விழ வேண்டும். கூரையோடு ஒட்டி மாட்டிய தொட்டியில் மேலே என்றும் இருட்டுதான், அது மொட்டையானதற்கே காரணம் அதுதான்.

அக்டோபர் 6

காற்றைச் சுத்தம் செய்யும், நாசாவே சொல்லியிருக்கிறது என்று யாரோ மறுபடி எழுதியிருக்கிறார்கள். நாசாவின் 1989 ஆய்வு உண்மைதான். ஆனால் அது இறுக மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. நம் வீட்டில் கதவு, ஜன்னல், எக்ஸாஸ்ட் எல்லாம் இருக்கிறது. இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் சேர்த்து டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2019இல் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வேண்டுமாம். நாம் எங்கே படுப்பது? ஜன்னலைத் திறந்து வையுங்கள், செடியை அழகுக்கு வையுங்கள்.

அக்டோபர் 27

மாவுப்பூச்சி. மழை நாளில் ஜன்னல் மூடிய வீட்டில் இதுதான் பிரச்சினை. பச்சை மணி பிளாண்டில் வெள்ளைப் பஞ்சு தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். மார்பிள் குயினில் வெள்ளைமேல் வெள்ளை, கிட்டப் போனாலும் தெரியாது. இலைக்காம்பின் கக்கத்தை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். அதைவிடச் சுலபம், எறும்பு வரிசை தொட்டியில் ஏறுகிறதா, இலை பிசுபிசுக்கிறதா என்று பார்ப்பது.

கொஞ்சமாக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் இயர் பட்ஸை நனைத்துத் தொட்டு எடுங்கள். நிறைய இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சில சொட்டு. வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடித்து, வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டு "போகவில்லை" என்று எழுதுபவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை. தேங்காய் எண்ணெய் தடவி இலையைப் பளபளப்பாக்குகிறவர்களுக்கும்தான். தூசு அப்பிக்கொள்ளும், இலை மூச்சு விடும் துளை அடைபடும். ஈரத்துணி போதும்.

டிசம்பர் 3

ஃபெஞ்சல் புயல் போன பிறகும் வானம் மூடியே கிடக்கிறது. பால்கனியிலிருந்து உள்ளே எடுத்து வைத்த தொட்டிகளுக்கு இந்த வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெளிச்சம் பாதியானால் குடிப்பதும் பாதியாகும்.

எல்.இ.டி. விளக்கு வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஊதாவாக எரியும் வளர்ச்சி விளக்கு கட்டாயமில்லை, சாதாரண வெள்ளை பல்பே செடிக்கு ஆகும். இலையிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும், பன்னிரண்டு மணி நேரம் போல எரிய வேண்டும். சீலிங்கில் எரியும் டியூப்லைட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2025 ஜனவரி 12

கோவையிலிருந்து படம் வந்திருக்கிறது. கிழக்கு ஜன்னலுக்கு மாற்றி, வெட்டிவிட்ட இரண்டு கணுவில் ஒன்று பச்சையாகவே கிளம்பியிருக்கிறது. இன்னொன்றில் முதல் இலை பச்சை, அடுத்ததில் ஓரமாக ஒரு வெள்ளைக் கீற்று, அதற்கடுத்ததில் பாதிக்குப் பாதி. மாமனார் இப்போது நர்சரியை விட்டுவிட்டு என்னைச் சந்தேகப்படுகிறாராம், "இவங்க நர்சரி வெச்சிருக்காங்களா?" என்று.

பச்சையாகக் கிளம்பிய கிளையையும் எடுத்துவிடுங்கள். பாவம் பார்த்தால் அடுத்த வருடம் மறுபடி இதே கேள்வி.

ஜனவரி 19

பூனை இலையைக் கடித்துவிட்டது என்று எழுதியவருக்கு: இந்தச் செடியில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், பூனை வாந்தி எடுக்கலாம். தவழும் குழந்தைக்கும் அதேதான். வாயைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தொங்கும் நுனி பூனைக்கு எட்டாத உயரத்தில் நிற்கட்டும், அதாவது கத்தரியைக் கையில் வைத்திருங்கள். வெட்டும்போது சாறு பட்டு உங்கள் கை அரித்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9

முழு வெள்ளையாக ஒரு துளிர் வந்திருக்கிறது, வெட்டித் தனியாக வைத்தால் அபூர்வச் செடியாகுமா என்று மதுரைத் தம்பி கேட்கிறார். ஆகாது. தாய்ச்செடியில் இருக்கும்வரை பச்சைக் கிளைகள் ஊட்டுவதால் உயிரோடு இருக்கும். வெட்டித் தனியே வைத்தால் தண்டில் இருக்கும் சேமிப்பு தீர்ந்ததும் முடிந்தது. ஆன்லைனில் அந்த மாதிரித் துண்டைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள், வாங்காதீர்கள். ஒரே ஒரு வெள்ளைக் கிளையைத் தாயோடு விட்டு வைப்பதில் தவறில்லை, எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கு மேல் போனால் செடி இளைக்கும்.

வெள்ளையும் வேண்டும், அதிகம் மெனக்கெடவும் முடியாது என்றால் எஞ்சாய் வகையைப் பாருங்கள். மார்பிள் குயினிலிருந்து நம் நாட்டிலேயே கண்டெடுத்தது. இலை சிறியது, கணு நெருக்கம், வெள்ளையும் பச்சையும் திட்டுத் திட்டாகத் தெளிவாகப் பிரிந்திருக்கும், என் அனுபவத்தில் பச்சைக்குத் திரும்புவதும் குறைவு. பேர்ல்ஸ் அண்ட் ஜேட் என்பது ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவானது, வெள்ளைக்குள் பச்சைப் புள்ளி தெளித்திருக்கும். நம் நர்சரிகளில் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். விலை கூடுதலாகச் சொன்னால் மட்டும் இலையைக் கிட்டப் பாருங்கள்.

பிப்ரவரி 10

தண்ணீரில் வேர் விட்டதை மண்ணுக்கு மாற்றினால் வாடுகிறது என்ற கேள்விக்கு: வேரை அரை அடி வளரவிட்டுக் காத்திருந்தீர்கள், அதுதான் காரணம். தண்ணீரில் நீண்ட வேருக்கு மண் பழக நேரமாகும். கட்டைவிரல் நீளம் வந்ததும் மாற்றிவிடுங்கள், முதல் இரண்டு வாரம் மட்டும் மண்ணைக் காயவிடாதீர்கள். ஏற்கெனவே நீண்டுவிட்டதென்றால் பாட்டிலிலேயே இருக்கட்டும். 19:19:19 உரத்தில் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) ஒரு சிட்டிகையை லிட்டர் தண்ணீரில் கரைத்து, வாராவாரம் தண்ணீர் மாற்றுவதில் மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அதையே ஊற்றிக்கொள்ளலாம்.